பதினோரு யூரோ நாற்பது

வெள்ளி மாலை ஐந்து நாற்பது பேருந்து.
நான்கு மணிக்கே இருட்டிவிடும் நவம்பர்.
ஜசிரா ஒரு விரிதாளில்
ரீகா நகரத்தை மணிக்கணக்காக நறுக்கி வைத்திருந்தாள்:
தேவாலயம் முக்கால் மணி, அருங்காட்சியகம் ஒன்றரை,
சும்மா இருப்பதற்குப் பதினைந்து நிமிடம்.
சர்னாய் அதைப் படித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.
கடைசி ஆளாக ஓடிவந்தான் நோதர்,
கையில் ஒரு தலையணை மட்டும்.
துணி எங்கே என்றோம்.
"போட்டிருக்கிறேனே."

தார்த்துவிலிருந்து நாலு மணி நேரம்.
வல்காவில் எல்லை தாண்டியதை
கைபேசி மட்டும் கவனித்தது.
வெளியே அதே பிர்ச் மரங்கள்.
பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில்
நாயோடு நின்ற ஒருவர்
எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை.
நாய் எந்த நாடு என்று கேட்கவே வேண்டாம்.

எட்டுக் கட்டில் அறை.
மேல்கட்டிலில் யாரோ
விடிய விடியக் கனவில் பேரம் பேசினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கே விரிதாள் செத்தது.
டிராமுக்குச் சீட்டு வாங்கியவன்
அதை இயந்திரத்தில் காட்ட மறந்தேன்.
பரிசோதகர் அம்மாள் மிகுந்த மரியாதையோடு
அபராதம் எழுதினார்.
என் அட்டையை இயந்திரம் ஏற்கவில்லை.
துடைத்துக் கொடுத்தேன்; அப்போதும் ஏற்கவில்லை.
டிராமில் இருந்த அத்தனை பேருக்கும்
ஜன்னலில் திடீரென்று ஏதோ தெரிந்தது.
நோதர் குனிந்து காலுறைக்குள்ளிருந்து
நாலாக மடித்த இருபது யூரோவை எடுத்து நீட்டினான்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில்
"உன்னை யார் கேட்டது?" என்றேன்.

தௌகவா பாலம் ரொம்ப நீளம்.
நான் முன்னால், மூவரும் பின்னால்.
அவர்கள் சிரித்ததையெல்லாம்
காற்று கொண்டுவந்து என் காதில் போட்டது.
என்னைப் பற்றியதா என்று
ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

திரும்பி வந்து சேர்ந்தது சந்தைக்கு.
ஒரு காலத்தில் ஆகாயக் கப்பல்களுக்குக் கட்டிய கூரைகளாம்.
கீழே புகைபோட்ட மீனும் ஊறவைத்த முட்டைக்கோஸும்.
நான்கு உள்ளங்கைகளில் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தோம்.
மீன்காரி எங்கள் கைகளிலிருந்து
தானே பொறுக்கி எடுத்தாள்,
கொஞ்சம் விட்டும் வைத்தாள்.
ஏதோ சொன்னாள்.
"உங்களுக்காகக் குறைத்திருக்கிறேன் என்கிறாள்", நோதர்.
"கை ஜில்லென்று இருக்காம்", ஜசிரா.
"சில்லறையை எண்ணிப் பார்க்கச் சொல்கிறாள்", சர்னாய்.
லாத்விய மொழி
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆற்றங்கரை பெஞ்சில் விரலாலேயே தின்றோம்.
வயிற்றுப் பக்கம், எண்ணெய் வழியும் துண்டு,
அதைப் பிய்த்து நோதர்
பார்க்காத மாதிரி என் காகிதத்தில் வைத்தான்.
நானும் பார்க்காத மாதிரி தின்றேன்.
கடற்காகம் ஒன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும் பேருந்தில்
முன் இருக்கைக்காரர்கள் மூன்று முறை மூக்கைத் திருப்பினார்கள்.
ஜசிரா செலவுக் கணக்கைச் செயலியில் போட்டாள்.
மீன், கட்டில், காப்பி எல்லாம் கழித்து
நோதருக்கு நான் தர வேண்டியது
பதினோரு யூரோ நாற்பது.
நாளைக்கு என்றேன்.

ஜனவரியில், கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு மறுநாள்,
அவன் அறை காலி.
யாரிடமும் சொல்லவில்லை.
காலுறைக்குள் இருந்தது என்ன பணம் என்று
அப்போதுதான் யோசித்தோம்.

குத்தாயிசிக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பினான்.
மறுபடி அனுப்பினேன்.
"கையில் கொடு" என்று எழுதித் திருப்பினான்.

கடன் அன்பை முறிக்கும் என்று
எங்கள் ஊர்க் கடைகளில்
கல்லாவுக்கு மேலே எழுதியிருக்கும்.
ஜசிராவிடம் சொன்னேன்.
எவ்வளவு கடன், என்று கேட்டாள்.

மாதம் ஒரு முறை செயலி சிவப்பில் காட்டுகிறது:
நீங்கள் – நோதர் – 11.40.
வினைச்சொல்லே இல்லை.
மீன்காரி சொன்னதைப் போல
அவரவருக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளலாம்.

தலையணையை விட்டுப் போயிருந்தான்.
என்னிடம்தான் இருக்கிறது.
உறை மாற்ற வேண்டும்.